வட கரோலினாவில் ஒரு பரிவட்டம்

பெரிய காஞ்சிபுரம்,
7-10-1962

என் அக்காள் தையல்நாயகி பெற்ற மருமகன் ஏகாம்பரத்துக்குத் தாய்மாமன் நமச்சிவாயம் எழுதுகிறேன்.

இங்கே நான், உன் அத்தை தில்லையம்மாள், உன் அம்மா, இரண்டு தறி, ஒரு பசுமாடு எல்லோரும் சௌக்கியம். நீ நெசவுப் படிப்புக்கு அமெரிக்கா போய் இறங்கி ஒரு மாதமாகிறது. அம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறாய். உன்னைக் கப்பலேற்ற மதராஸ் வரைக்கும் வந்து, துறைமுக அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசி, உன் பெட்டிக்குக் காற்றோட்டமான இடம் பிடித்துக் கொடுத்த மாமனுக்கு ஒரு வரி இல்லை. பரவாயில்லை. நான் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அக்காளிடம் கடிதத்தை வாங்கிப் படித்தேன். பஸ் நிலையத்தில் இரண்டு வாசல் இருந்ததாம். ஒன்று வெள்ளைக்காரருக்கு, இன்னொன்று கறுப்பருக்கு. எதில் நுழைவதென்று தெரியாமல் டிரங்குப் பெட்டியோடு வெளியில் மழையில் நின்றாயாம். படித்ததும் உன் அம்மாவுக்கு அழுகை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை அப்பனே, உன் மேல். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா போலச் சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு போய் நின்றால் நீ யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நாம் நவவீரர் வம்சம். முருகப்பெருமானுக்குச் சேனாதிபதியாக நின்ற ஒன்பது பேர் வழி வந்தவர்கள். போன பங்குனி உற்சவத்தில் ஏகாம்பரநாதர் கோயிலில் சுவாமிக்குச் சாத்திய பட்டை எடுத்து என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அப்போது இரண்டு கலெக்டர்கள் பக்கத்தில் வெறுந்தலையோடு நின்றார்கள். கோயில் யானை தானாக மண்டி போட்டது. அந்தப் பரிவட்டத்தை அவிழ்க்காமல் மதராஸ் போய் ஒரு பெரிய வெள்ளைக்கார ஓட்டலில் நுழைந்தேன். வாசல்காரன் சல்யூட் வைத்துக் கதவைத் திறந்தான். டீ ஆறு அணா. ருசி இல்லை. அது வேறு விஷயம்.

ஆகவே அரக்கு நிறத்தில் இரண்டு விரல் சரிகைக் கரை போட்டு ஆறு முழப் பட்டு ஒன்று என் கையாலேயே நெய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெளியே போகும்போது தலையில் கட்டிக்கொள். பிறகு பார்.

எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். அங்கே வெள்ளைக்காரன் எத்தனை வெள்ளை? பால் போலவா, சுண்ணாம்பு போலவா? கறுப்பர் எத்தனை கறுப்பு? என்னைவிடவா? நீ நம் தெருவில் மாநிறம். அங்கே அந்த நிறத்துக்கு என்ன பேர்?

நமச்சிவாயம்


வட கரோலினா,
4-11-1962

மாமா அவர்களுக்கு நமஸ்காரம்.

துணி வந்தது. அத்தை நெய்தது என்று அம்மா எழுதியிருக்கிறாள். நீங்கள் நெய்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யார் நெய்திருந்தாலும் கரை நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது.

என் நிறத்துக்கு இங்கே என்ன பேர் என்று கேட்டிருந்தீர்கள். நானும் வந்த நாளிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தேன், ஓட்டுநர் பின்னால் போகச் சொன்னார். பின்னால் போனேன். அங்கே ஒரு கறுப்புப் பாட்டியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ இங்கே உட்கார வேண்டியதில்லையே, மகனே" என்றாள். அன்று முழுத் தூரமும் நின்றுகொண்டே போனேன். வெள்ளைக்கார நாவிதர் எனக்கு முடி வெட்ட மாட்டேன் என்றார். கறுப்பு நாவிதர், "இந்த முடியை எப்படி வெட்டுவது? எனக்குப் பழக்கமில்லையே" என்றார். மிஸஸ் கிளேட்டன் என்ற அம்மாள் வீட்டில் குடியிருக்கிறேன். நல்லவர்தான். ஆனால் பின்கதவு வழியாக வந்து போகச் சொல்லியிருக்கிறார்.

என் வகுப்பில் கிளாரன்ஸ் என்று ஒருவன் இருக்கிறான். கறுப்பர்களில் இந்த வகுப்புக்கு வந்த ஒரே ஆள். சாயப் பரிசோதனைக்கு இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். அவனோடு நிற்க யாரும் வரவில்லை. என்னோடு நிற்கவும் யாரும் வரவில்லை. அப்படித்தான் ஜோடி சேர்ந்தோம். சாயத் தொட்டியைக் கிண்டிக்கொண்டே சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். பேராசிரியர் திரும்பினால் முகத்தைக் கல்லாக்கிக்கொள்வான்.

இப்போது நீங்கள் ஆவலாகக் காத்திருக்கும் சங்கதி. கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. முதல் வாரமே அங்கே போனேன், இங்கே உனக்குச் சாப்பாடு கிடையாது என்றார்கள். போன சனிக்கிழமை பாதி வேடிக்கையாகவும் பாதி வெறுப்பாகவும் உங்கள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போனேன். அதே கடை, அதே பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு, "சார் எந்த நாட்டு அரசர்?" என்று கேட்டாள். வறுத்த கோழியும் ஐஸ்கிரீமும் கொண்டுவந்தாள். ஐஸ்கிரீமுக்குக் காசு வேண்டாமென்றாள்.

அதே மூக்கு, அதே கண்தான் மாமா. அவள் அன்று எதைப் பார்த்தாள், இன்று எதைப் பார்த்தாள்? எனக்கு விளங்கவில்லை. பசி மட்டும் தீர்ந்தது.

ஏகாம்பரம்


பெரிய காஞ்சிபுரம்,
25-11-1962

மருமகனே, சபாஷ்!

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக வரதராஜன் டீக்கடைக்குப் போனேன். எல்லையில் சீனாக்காரன் சண்டை. கடையில் அத்தனை பேரும் பேப்பரை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். "பேப்பரை மடிங்கப்பா, அமெரிக்காவே நம்ம காலடியிலே வந்துட்டுது" என்றேன். அந்த ஊர் மேயரே எழுந்து வந்து உனக்கு நாற்காலி போட்டதைச் சொன்னேன். நீ மேயர் என்று எழுதவில்லைதான். நாற்காலி போடுகிற வழக்கமுள்ள ஊரில் மேயர் மட்டும் சும்மா இருப்பாரா?

வரதராஜன் கேட்டான்: "ஏம்பா, துணி கட்டினா சோறு போடறான், கட்டலேன்னா போடலே. இது இன்னா கணக்கு?" நான் விளக்கினேன். மரியாதை என்பது தலையில் ஏறி உட்காருகிற வஸ்து. அது கோயிலில் இருந்தாலும் ஒன்றுதான், கோழி வறுக்கிற கடையில் இருந்தாலும் ஒன்றுதான்.

அந்தக் கிளாரன்ஸ் பற்றி நீ எழுதியது பாதி. அவன் என்ன ஜாதி? அவர்களுக்குக் குலதெய்வம் எது, சொந்த ஊர் எது, முப்பாட்டன் என்ன தொழில் செய்தான்? இதெல்லாம் கேட்காமல் ஒரு மனிதனோடு எப்படி ஒரே தொட்டியில் கை வைக்கிறாய்? நான் ரயிலில் வாலாஜாபாத் போவதற்குள் எதிர் சீட்டுக்காரனுடைய ஏழு தலைமுறையும் வாங்கிவிடுவேன்.

இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். பின்கதவு வழியாகப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. வாலாஜாபாத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையரான சீனிவாசனைப் பிடித்தேன். அவர் கை இங்கிலீஷ் வெள்ளைக்காரனே பயப்படுகிற இங்கிலீஷ். உன் வீட்டுக்கார அம்மாளுக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினோம். இனி எந்தக் கதவு என்று நீயே பார்த்துக்கொள்.

நமச்சிவாயம்


வட கரோலினா,
27-1-1963

மாமா,

முதலில் மிஸஸ் கிளேட்டனுக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அவர் அதை எனக்குக் காட்டவில்லை. மாதர் சங்கத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். நமக்குப் பதினேழு யானைகள் இருக்கின்றனவாமே? ஒன்றாவது மாட்டுக் கொட்டகையில் கொள்ளுமா?

நீங்கள் கேட்டது நடந்தது. இப்போது முன்கதவு வழியாகத்தான் போய் வருகிறேன். முன்னறையும் கொடுத்துவிட்டார். சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். துணியைக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளூர்ப் பத்திரிகையில் "காஞ்சிபுரத்து இளவரசர்" என்று படம் போட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் கிளாரன்ஸ் அந்தப் படத்தை வெட்டிச் சாயத் தொட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருந்தான். சிரித்தான். நீங்கள் கேட்டதையெல்லாம் அன்றுதான் அவனிடம் கேட்டேன். சொந்த ஊரும் குலதெய்வமும் தெரியாதாம். அவன் பாட்டனாருடைய பாட்டனாரை யாரோ விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவன் பேர்தான் இன்றைக்கும் அவன் குடும்பப் பேர். "எங்கே இருந்து வந்தோம் என்று உன் மாமா கேட்டால் கடலிலிருந்து என்று எழுது" என்றான். பிறகு கேட்டான்: "அந்தத் துணியை நான் கட்டினால் எனக்கும் சோறு போடுவார்களா?"

இருவருக்குமே தெரிந்துகொள்ள ஆசை. எங்களைத் தெரியாத பக்கத்து ஊருக்குப் போவதென்று தீர்மானித்தோம். இருப்பது ஒரு துணி. கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினேன். அவன் தலையில் நான்தான் கட்டிவிட்டேன். தமிழில் ஏதாவது பேசத் தெரிய வேண்டும் என்றான். நம் தெருவில் தறியில் நூல் அறும்போதெல்லாம் காதில் விழுகிற ஒன்றைக் கற்றுக்கொடுத்தேன்.

அங்கே சிவப்புத் தோல் போட்ட நாற்காலியில் எங்களை உட்கார வைத்தார்கள். பரிமாறுகிற பெண் அருகில் வந்ததும் கிளாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் ஓதுவதுபோல, "பாவு அறுந்துபோச்சு, அண்ணே" என்றான். என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். உணவை ஆசீர்வதிக்கிறார் என்றேன். அவள் கைகட்டி நின்றாள். மாட்டிறைச்சி வேண்டாமென்று எனக்கு மீன், அவனுக்கும் மீன், காப்பி.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். அதன் பிறகு அவன் முகத்தில் சிரிப்பில்லை. நிதானமாகத் தலைத் துணியை அவிழ்த்தான். நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தன் தெருவில் பேசுகிற இங்கிலீஷில், "அம்மா, இன்னும் கொஞ்சம் காப்பி கொடுங்கள்" என்று கேட்டான்.

முதலாளி வந்தார். அவன் தட்டை எடுத்துவிட்டு, அவனை வெளியே போகச் சொன்னார். கிளாரன்ஸ் அவரைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தான். என் கை மேலே போனது மாமா, துணி மேல் பட்டது. அங்கேயே நின்றுவிட்டது. முதலாளி என்னிடம், "பிரபு, இவனைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். நான் இங்கிலீஷே தெரியாதவன்போல, "தெரியலீங்க" என்று தமிழில் சொன்னேன்.

கிளாரன்ஸுக்கு அந்த வார்த்தை தெரியாது. என் தலை ஆடியது தெரிந்தது.

அவனை வெளியே தள்ளினார்கள். நான் காசு கொடுத்துவிட்டு வருவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டான். இப்போது சாயத் தொட்டியருகே இத்தனை டிகிரி, இத்தனை அவுன்ஸ் என்பதைத் தவிர அவன் என்னிடம் எதுவும் பேசுவதில்லை. படத்தைக் கிழித்துவிட்டான். நான்காக மடித்த அவன் பாதித் துணி என்னிடம்தான் இருக்கிறது.

நம் தெருவில் யாருடைய பாவு நூலையாவது நீளக் கட்டி உலர்த்தியிருக்கும்போது தூறல் விழுந்தால், யாருடைய நூல் என்று யாரும் கேட்பதில்லை. சோற்றுக் கையோடு ஓடி வந்து ஆளுக்கொரு முனை பிடிப்போம். நான் ஓடவில்லை மாமா. உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதன் அவன். அவன் திரும்பப் பேசுவானா என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு யோசனை இல்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஏகாம்பரம்


பெரிய காஞ்சிபுரம்,
19-2-1963

அடே பாவி,

பரிவட்டத்தை வெட்டினாயா? கத்தரிக்கோலா வைத்தாய்? நெய்த துணியில் கத்தரி வைத்தவன் நம் வம்சத்திலேயே நீதான். உன் அத்தையிடம் சொன்னேன். "வெட்டினா வெட்டிக்கட்டும், ஓரத்தை மடிச்சுத் தைச்சானான்னு கேளு, சரிகை பிரிஞ்சுடும்" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மற்ற விஷயத்தில் நீ செய்தது சரியா தப்பா? முதலில் சரி என்றுதான் நினைத்தேன். கிடைத்த மரியாதையை யாராவது அவிழ்ப்பானா? கட்டிய குருக்கள் அவிழ்க்கலாம், கட்டிக்கொண்டவன் அவிழ்க்கக் கூடாது. இப்படி யோசித்துக்கொண்டே டீக்கடை வரைக்கும் நடந்தேன்.

கடையில் உட்கார்ந்ததும், "அமெரிக்காவிலேருந்து இன்னாப்பா சேதி?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன். உன் கடிதத்தில் உள்ளபடிதான் ஆரம்பித்தேன் என்று ஏகாம்பரநாதர் சாட்சியாகச் சொல்கிறேன். பாவு அறுந்துபோச்சு வரைக்கும் ஒரு எழுத்து மாறவில்லை. கடையே சிரித்தது. முதலாளி வந்து உன்னைக் கேட்ட இடத்தில் என் நாக்கு தானாகத் திரும்பிவிட்டது. நீ எழுந்தாய். உன் தலைத் துணியை அவிழ்த்து அவன் முகத்தில் வீசினாய். "இவன் என் கூடப் பிறக்காத தம்பி, இவனுக்கு இல்லாத சோறு எனக்கு எதுக்குடா?" என்று இங்கிலீஷில் இடிபோல முழங்கினாய். தட்டுகள் ஆடின. முதலாளி காலில் விழுந்தான். இரண்டு பேருக்கும் தலைவாழை இலையில் சாப்பாடு. அங்கே வாழையிலை கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

வரதராஜன் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கடைக்கு வெளியே வண்டியோரம் நின்று டீ குடிக்கிற ஏனாத்தூர் கலியன், வைக்கோல் வண்டி ஓட்டுகிறானே அவன், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். கூட்டுறவுச் சங்கத் தலைவர், வருஷாந்திரக் கூட்டத்தில் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். அங்கே இன்னும் கொஞ்சம் நன்றாக வந்தது. போலீஸ் குதிரைப்படையும் சேர்ந்துகொண்டது.

இப்போது என்ன செய்வது? பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சின்னக் காஞ்சிபுரத்திலும் பாதிக்குப் போய்விட்டது. சொன்னதைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே மீதியை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக அசட்டுத் துணிச்சலாக எதையும் செய்துவைக்காதே. உன் படிப்புப் பணம் அமெரிக்காக்காரன் கொடுப்பது. உன் அம்மா உயிரை உன்மேல் வைத்திருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கிளாரன்ஸுக்குக் குலதெய்வமே இல்லை என்று எழுதினாய். அதை நினைத்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வம்சம் தெரியாமல் ஒரு மனிதன் காலையில் எழுந்து பல் விளக்குவது எப்படி? நேற்று தறியில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. நவவீரர் ஒன்பது பேர் என்கிறோமே, யார் எண்ணினார்கள்? பத்தாவதாக ஒருவன் கடல் பக்கம் போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். அவனிடம் சொல்லிப் பார்.

நமச்சிவாயம்


வட கரோலினா,
29-5-1963

மாமாவுக்கு,

மூன்று மாதம் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது.

கிளாரன்ஸிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை போனேன். "எத்தனை டிகிரி?" என்று கேட்டான். கடைசியில் வேறு வழி தெரியாமல், தொட்டியருகே நின்றுகொண்டு உங்கள் கடிதத்தை வரிவரியாக அவனுக்கு இங்கிலீஷில் சொன்னேன். கேட்காதவன் போலத்தான் கிண்டிக்கொண்டிருந்தான். பத்தாவது வீரன் வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, முதலாளி காலில் விழுந்த இடத்தை மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். "உன் மாமா சொல்லும் பொய்யில் நீ நல்லவனாக இருக்கிறாய்" என்றான்.

பிறகு, "திங்கட்கிழமை கடைத்தெருவுக்குப் போகிறோம். உட்காரப் போகிறோம், அவ்வளவுதான். யார் அடித்தாலும் கை ஓங்கக் கூடாது. வெறுந்தலையோடு வருவாயா?" என்றான்.

இந்த வசந்தத்தில் இங்கே ஊர் ஊராக இதுதான் நடக்கிறது. கறுப்பு மாணவர்கள் சாப்பாட்டுக் கடையில் போய் உட்காருகிறார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மறுநாள் வேறு பேர் உட்காருகிறார்கள்.

போனேன். எனக்கு ஐஸ்கிரீம் கொடுத்த அதே கடை. அந்தப் பெண் முதலில் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் தெரிந்துகொண்டு, "இளவரசே, நீங்கள் ஏன் இவர்களோடு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "நான் இளவரசன் இல்லை, அம்மா. பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. யானை கிடையாது. ஒரு மாடுதான் இருக்கிறது" என்றேன். இந்த ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

யாரும் யார் காலிலும் விழவில்லை. நான் முழங்கவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பின்னாலிருந்து ஒருவன் என் தலையில் தக்காளிக் குழம்பைக் கொட்டினான். கண்ணுக்குள் போய் எரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கிளாரன்ஸ் என் பக்கம் திரும்பாமலே, "பாவு அறுந்துபோச்சா, அண்ணே?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் போலீஸ் வந்தது.

ஸ்டேஷனில், "நீ அந்நிய நாட்டுப் பையன், உனக்கு இதில் என்ன? வீட்டுக்குப் போ" என்று கதவைத் திறந்துவிட்டார்கள். போகவில்லை. மற்றவர்களை விட்ட பிறகுதான் வெளியே வந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மிஸஸ் கிளேட்டன் அறையைக் காலி செய்யச் சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார். இப்போது கிளாரன்ஸின் சித்தி வீட்டில் இருக்கிறேன். கல்லூரியில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். படிப்புப் பணத்தைத் தொடர்வதா என்று ஜூலையில் முடிவு செய்வார்களாம். நிறுத்திவிடலாம். நிறுத்தாமலும் இருக்கலாம்.

ஒரு உதவி மாமா. இதையாவது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். குதிரைப்படை வேண்டாம்.

ஏகாம்பரம்


பெரிய காஞ்சிபுரம்,
20-6-1963

மருமகன் ஏகாம்பரத்துக்கு,

உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. உன் அத்தைதான் சொன்னாள். அக்காள் அழவில்லை. "தக்காளிக் கறை தண்ணியிலே போவாதே, எலுமிச்சம்பழம் தேய்ச்சானா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ அவளுக்குத் தனியாக எழுது. ஜூலையில் பணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். எனக்கு இருக்கிற செல்வாக்குக்கு நான் யாரையாவது... சரி, உன்னிடம் எதற்கு. இரண்டாவது தறியை விற்றுப் பணம் அனுப்புவேன். இது பொய் இல்லை. விலை கேட்டு வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். டீக்கடையில் உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்து மாறாமல் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நாக்கு ஊறியது. கடித்துக்கொண்டேன்.

படித்து முடித்தேன். வரதராஜன்தான் ஆரம்பித்தான். "இன்னாபா இது? அன்னிக்கி சொன்னது இன்னா, இன்னிக்கி சொல்றது இன்னா?"

"இதான்பா நடந்தது" என்றேன்.

"தலையிலே கொழம்பை ஊத்தினா நம்ம புள்ள சும்மாவா குந்திக்கினு இருப்பான்?"

"சும்மாதான் குந்திக்கினு இருந்தான். அதான்யா விஷயமே."

"போய்யா, உனுக்கு வயசாயிட்டுது. மொதல்ல சொன்னதுதான் நெசம். இத யாரோ வேற ஆளு எழுதிக்கீறான்" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. மேயர் நாற்காலி போட்டதை நம்பினார்கள். குதிரைப்படையை நம்பினார்கள். பங்குனி உற்சவத்தில் யானை மண்டி போட்டதைக்கூட நம்புகிறார்கள், அன்று நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்ததை நேரில் பார்த்தவர்களே நம்புகிறார்கள். நீ இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததை மட்டும் ஒருவனும் நம்பவில்லை. மேஜையைத் தட்டினேன். கத்தினேன். நம்ப வைக்க முடியவில்லை.

அப்போது வெளியே வண்டியோரம் நின்றிருந்த கலியன் கேட்டான்: "மொதலியாரே, அந்தப் பையன் கடைசியிலே சாப்ட்டானா?"

இரைச்சலில் எனக்குக் காதில் விழவில்லை. "உள்ளே வந்து கேளுய்யா" என்றேன்.

அவன் சிரித்தான். "எம்மாம் வருசமா இங்க டீ குடிக்கிறேன், உள்ள வரச் சொல்றியே. நீ வெளிய வாயேன், நல்லா கேக்கும்."

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு அவன் என்ன கேட்டான் என்று தெரிய வேண்டும். டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றேன். வரதராஜன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு அங்க போய் நிக்கிறே?" என்றான். "உள்ளே புழுக்கம்" என்றேன். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. என் ஆயுசில் இவ்வளவு மட்டமாக நான் புளுகியதே இல்லை.

மறுநாளும் அங்கேயே நின்றேன். கதை பாதியில் நின்றிருந்தது, அதற்காகத்தான். வரதராஜன், மாடத்தில் கலியனைப் போன்றவர்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற கிளாஸ் ஒன்றில் எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தான். என்னை அவமானப்படுத்துகிறானாம். வாங்கிக் குடித்தேன். டீ அதே டீதான். விளிம்பு உடைந்திருக்கிறது, உதட்டைப் பார்த்து வைக்க வேண்டும். கலியன் எந்தப் பக்கம் வைத்துக் குடிக்க வேண்டும் என்று காட்டினான்.

பத்து நாளாக அங்கேதான் குடிக்கிறேன். உன் அத்தைக்கு இன்னும் தெரியாது. தெருவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

நீ உன் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினாய். விளக்கை அணைத்தது, போலீஸ் வந்தது, சிரிப்பு வந்தது, எல்லாம். ஆனால் கலியன் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. நானும் மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், எனக்கு அது ஒரு பெரிய வேலை இல்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

ஆகவே உடனே எழுது. அந்தக் கடையில் கிளாரன்ஸுக்குச் சோறு போட்டார்களா, இல்லையா?

நமச்சிவாயம்